கஞ்சி போட்ட கால்சட்டை

உள்ளே வாருங்கள், தம்பி. செருப்பு அங்கேயே இருக்கட்டும். அந்த நாற்காலியில் வேண்டாம், அது அவருடையது. துண்டு போட்டு மூடியிருக்கிறேன் பாருங்கள், அடியில் ஒன்று காய்ந்துகொண்டிருக்கிறது. இதில் உட்காருங்கள். மெத்தை கிடையாது. இந்த வீட்டில் எந்த நாற்காலிக்கும் மெத்தை கிடையாது.

நீங்கள் செல்வின். சைக்கிள் குழுவின் செயலாளர். பெயரைச் சொல்லவேண்டிய அவசியமில்லை, உங்களை எனக்குத் தெரியும். எந்த அளவுக்குத் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன். கையில் வெறும் பையோடு வந்திருக்கிறீர்கள். தூத்துக்குடியில் தம் தங்கை வீட்டில் போய் அமர்ந்துகொண்டிருக்கிற என் கணவர், துணிமணிகளை வாங்கிவரச் சொல்லி உங்களை அனுப்பியிருக்கிறார். தாமே வந்து கேட்பதற்கு முகம் இல்லை. சரி. தருகிறேன். தரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் நான் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும். ஊரில் ஒரு பக்கத்துக் கதை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தங்கையா சாரை அவர் மனைவி பாடாய்ப் படுத்திவிட்டாள் என்று ஆலயத்து வாசலிலேயே பேசுகிறார்கள். திரும்பி வருவாரா என்று என் முகத்துக்கு நேராகக் கேட்கிறார்கள். துணி இங்கே இருக்கிறவரை வந்துதானே ஆகவேண்டும் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் துணியைத்தான் இப்போது நீங்கள் கேட்டு வந்திருக்கிறீர்கள்.

நான் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. நீங்கள் சிரிக்கவில்லை, நல்லது. பாளையங்கோட்டையில் பெண்கள் மேல்நிலைப் பள்ளியொன்றின் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வகுப்பறைக்கு ஒரு தமிழ், அடுப்படிக்கு ஒரு தமிழ் என்று வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. பேச்சைத் தளரவிட்டால் முதுகு தளரும். முதுகு தளர்ந்தால் குடும்பம் தளரும். துணிக்கும் அப்படியேதான். ஜவ்வரிசியை ஊறவைத்து, கட்டி தட்டாமல் காய்ச்சி, மல் துணியில் வடிகட்டிக் கஞ்சி எடுப்பேன். சனிக்கிழமை இந்த வீட்டில் கஞ்சி நாள். என் சேலைகள், அவருடைய வேட்டி, சட்டை, பனியன், தலையணை உறை, கைக்குட்டை, எதற்கும் விலக்குக் கிடையாது. கொடியில் காயும்போது காற்றடித்தால் எங்கள் வீட்டுத் துணி படபடக்காது, தம்பி. அட்டை தட்டுவதுபோல் ஓசை வரும். கலியாணமான முதல் வாரத்திலிருந்து இப்படித்தான். ஒரு நாளும் அவர் குறை சொன்னதில்லை.

ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்கள்? மின்விசிறியைப் போடட்டுமா?

அவர் மின்வாரிய அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தார். நல்ல மனிதர்தாம். ஆனால் உட்கார்ந்தால் எழாத மனிதர். ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு பிரம்பு நாற்காலியில் போய் விழுந்தார். அந்த நாற்காலியின் நடுவில் அவர் உருவத்துக்கு ஒரு பள்ளம். தேநீரை அதில் அமர்ந்து குடிப்பார், செய்தித்தாளை அதில் அமர்ந்து படிப்பார், அதிலேயே உறங்குவார். சர்க்கரை கூடிற்று. வயிறு முன்னால் வந்தது. ஒரு நாள் அவர் ஆலயத்துக்குப் போயிருந்த நேரத்தில் அந்த நாற்காலியைப் பழைய சாமான் வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்தவர் நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். "டீச்சர், அதுல நான் உக்காந்துக்கிட்டு இருந்தேனே," என்றார். அவ்வளவுதான். ஆம், என்னை டீச்சர் என்றுதான் அழைப்பார். நிச்சயம் செய்த நாளிலிருந்து அப்படியே வந்துவிட்டது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு என் தங்கை லில்லி புஷ்பம் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் கணவர் டாக்டர் இம்மானுவேல், கன்னியாகுமரிக் கடலுக்கு முன்னால் ஒரு பந்தய சைக்கிளோடு நிற்கிறார். பாளையங்கோட்டையிலிருந்து மிதித்தே போனாராம். இவருடைய வயதுதான் அவருக்கும். லில்லி படத்தை என்னிடம் நீட்டிவிட்டு, மூலையில் ஸ்டூலில் சரிந்திருந்த இவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. என் தங்கை ஒன்றும் சொல்லாதபோது என்ன சொல்கிறாள் என்பதை நான் அறிவேன். இம்மானுவேல் புதிய சைக்கிள் வாங்கியிருந்தார். பழையது அவர்கள் வீட்டில் சும்மா கிடந்தது. மறுநாளே அதை இங்கே கொண்டுவரச் செய்தேன்.

ரோடு பைக் என்று நீங்கள் சொல்கிறீர்கள். நீங்கள் அதில் பழகியவர். முதன்முதலாகப் பார்க்கிறவருக்கு அது எப்படி இருக்கும் என்பதை மறந்திருப்பீர்கள். கைப்பிடி ஆட்டுக்கொம்புபோல் கீழே வளைந்திருக்கிறது, டயர் விரல் பருமன்தான், அந்த இருக்கையோ அகப்பைக் காம்பு அகலம். இவர் அதை அழுத்திப் பார்த்தார். "இதுல எங்கன உக்கார?" என்று கேட்டார். "மற்றவர்கள் எங்கே உட்காருகிறார்களோ அங்கே," என்றேன்.

இம்மானுவேல் வந்து என்னென்னவோ சொல்லிக்கொடுத்தார். "அண்ணாச்சி, மொதல்ல கொஞ்ச தூரம் போனாப் போதும். வலி இருக்கத்தான் செய்யும், இருக்கை பழகிரும். அப்பப்ப பெடல்ல எந்திரிச்சு நின்னுக்கிடுங்க. இந்த மெத்தை வச்ச டவுசரப் போடுங்க. உள்ள வேற ஒண்ணும் போடக்கூடாது, பாத்துக்கிடுங்க. வந்ததும் கழட்டி வெறுந்தண்ணியில அலசிக் காயப்போட்டுருங்க."

மருத்துவர்கள் நிறையப் பேசுவார்கள். பழகிவிடும் என்பது அவசியமான சொல். அதை நான் எடுத்துக்கொண்டேன். மற்றவற்றில் என் அறிவுக்கு ஒத்ததை வைத்துக்கொண்டு ஒவ்வாததைத் தள்ளினேன். உள்ளே ஒன்றும் அணியாமல் ஒரு சபை மூப்பர் தெருவில் போவதா? உள்ளாடை உண்டு, அதன் மேல் மெத்தை வைத்த அந்தக் கறுப்புக் கால்சட்டை, அதன் மேல் முழுக்கால்சட்டை என்று விதித்தேன். பெடலில் எழுந்து நின்று ஓட்டுவது பள்ளிக்கூடம் விட்ட பையன்களின் வேலை, அது கூடாது. கூன் போட்டுக் குனிந்து ஓட்டுவதும் கூடாது, நிமிர்ந்து உட்காரவேண்டும். பிறகு அந்த இருக்கையின் உயரம். இம்மானுவேல் வளர்த்தியானவர், இவர் குட்டை. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிப் போனால் அப்பாவும் பிள்ளையும் போலத் தோன்றும். ஆகவே இருக்கையை நன்றாக உயர்த்தி வைக்கச் செய்தேன். "கால் எட்டல டீச்சர், இடுப்ப இப்பிடி இப்பிடி ஆட்ட வேண்டியிருக்கு," என்றார். நீட்டினால் எட்டும் என்றேன்.

அந்தக் கறுப்புக் கால்சட்டை ரப்பர்போலத் துவண்டு கிடந்தது. எடுத்தால் கையில் நிற்கவில்லை, மீன் வழுகுவதுபோல் வழுகிற்று. சனிக்கிழமை அதற்கும் கஞ்சி போட்டேன். சேலைக்குப் போடுவதைவிடக் கெட்டியாகவே போட்டேன். உள்ளே இருந்த மெத்தை நன்றாகக் குடித்துக்கொண்டது. காய்ந்து வந்தபோது, தம்பி, தட்டினால் மரப்பலகை! இஸ்திரிப் பெட்டியை வைத்து ஒரு மடிப்பும் எடுத்துக் கொடுத்தேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். தண்ணீர் வேண்டுமானால் சொல்லுங்கள், கொண்டுவருகிறேன்.

முதல் நாள் கிருஷ்ணாபுரம் வரை போய்த் திரும்பினார். வாசலில் இறங்கியபோது கால்களைச் சேர்க்க முடியவில்லை; நடுவில் ஒரு குடத்தை வைத்துக்கொண்டு நடப்பவர்போல வந்தார். "எரியுது டீச்சர், மொளகாப் பொடிய அப்புனாப்புல இருக்கு," என்றார். முதல் நாள் எல்லோருக்கும் எரியும் என்று சொன்னேன். மறுநாளும் அனுப்பினேன். வாரம் திரும்பியது, செய்துங்கநல்லூர் வரை போய் வரச் சொன்னேன். காலையில் வாசலில் நின்று அவர் தெருத் திருப்பம் தாண்டும்வரை பார்ப்பேன். குனிகிறாரா, எழுந்து நிற்கிறாரா என்று கவனிக்க வேண்டுமல்லவா? திருப்பத்துக்கு அப்பால் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியாது. அங்கேதான் நான் ஏமாந்தேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

வீட்டில் அவர் உட்காருவதே இல்லை என்றாகிவிட்டது. எந்த மனிதரை நாற்காலியிலிருந்து எழுப்ப நான் ஆண்டுக்கணக்காகப் போராடினேனோ அந்த மனிதர், தேநீரை ஜன்னலருகே நின்று குடித்தார். செய்தித்தாளை அலமாரி மேல் விரித்து நின்று படித்தார். உள்ளுக்குள் எனக்குத் திருப்தி. ஆலயத்தில் பிரசங்கம் முழுவதும் பின்னால் தூணோரம் நின்றார். மூப்பருக்கு இந்த வயதில் என்ன பயபக்தி என்று சபையார் வியந்தார்கள். நான் திரும்பிப் பார்த்து, வந்து உட்காரும்படி கண்ணைக் காட்டினேன். வந்தார். பெஞ்சில் ஒரு பக்கமாகத் தொடையைச் சாய்த்து வைத்தார். நேராக உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். கண்ணில் நீர் வந்தது. பிரசங்கத்துக்காக வந்த நீர் என்று பக்கத்திலிருந்த பெண்மணி என்னிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லில்லியும் இம்மானுவேலும் சாப்பிட வருவார்கள். ஒரு ஞாயிறு நான் குழம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பார்க்கிறேன், இவர் படுக்கையறைத் தலையணையை எடுத்துவந்து நாற்காலியில் போட்டு அதன் மேல் அமர்ந்திருக்கிறார். சாப்பாட்டு மேசையில் தலையணை! லில்லி வாயைப் பொத்திக்கொண்டு, "அத்தான், என்ன, அடை காக்கியளா? எத்தன முட்ட?" என்றாள். இம்மானுவேல் சிரித்தார். இவரும் சிரித்தார், தம்பி, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் எழுந்து போய், "எழுந்திருங்கள்," என்றேன். "இன்னிக்கி ஒரு நாளு மட்டும் டீச்சர்," என்றார். எழுந்தார். தலையணையை உருவினேன். உறை புதிதாகக் கஞ்சி போட்டது. அதில் ஈரமாக மஞ்சள் நிறத்தில் ஒரு கறை. அதை லில்லிக்குக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று கேட்காதீர்கள். ஒரு தவறு நடந்தால் வகுப்புக்கு முன்னால் காட்டித்தானே திருத்தவேண்டும்? இம்மானுவேல் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, அத நான் ஒருக்கா பாக்கட்டுமா?" என்று கேட்டார். நான் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் லில்லிக்கு வேறு வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது, போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் பேரணி. எங்கள் பழைய மாணவியர் சங்கம் ஏற்பாடு செய்த நீரிழிவு விழிப்புணர்வு சைக்கிள் பேரணி. பள்ளி மைதானத்திலிருந்து வண்ணார்பேட்டை ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்பவேண்டும். கொடியசைத்துத் தொடங்கி வைப்பவள் நான். நோயை வென்ற முன்னுதாரணமாக முன்வரிசையில் என் கணவர். ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்வதற்கு நான்கு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். முந்தின நாள் மாலை அவர் வந்து அடுப்படி வாசலில் நின்றார்.

"டீச்சர், அந்த எடத்துல ஒரு கட்டி மாதிரி வந்துருக்கு. காய்ச்ச அடிக்கி. ஒருக்கா பாக்கியளா?"

அந்த இடத்தையெல்லாம் நான் பார்ப்பதில்லை, தம்பி. கலியாணம் ஆகிவிட்டால் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. மஞ்சளை இழைத்துக் கொடுத்தேன், போய்த் தடவிக்கொள்ளுங்கள் என்றேன்.

"நாளைக்கி நான் வரலன்னா ஒங்களுக்குச் சங்கடமா டீச்சர்?"

"சங்கடமில்லை. அவமானம்," என்றேன்.

வந்தார். வெள்ளை முழுக்கால்சட்டை, வெள்ளைச் சட்டை, அத்தனையும் நான் போட்ட கஞ்சி. நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. நான் கொடியை அசைத்தேன். நிமிர்ந்துதான் ஓட்டினார். அதை நான் மறுக்கமாட்டேன். அன்று அவர் முதுகு ஒரு கோல்போல இருந்தது. திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். சைக்கிளை விட்டு இறங்கினார், திரும்பினார். பின்பக்கம் சிவப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு, நடுவில் கறுத்து, ஓரத்தில் மஞ்சளாக. கட்டி உடைந்துவிட்டிருந்தது. சின்ன மாணவியர் எல்லாம் நிற்கிறார்கள். அடுத்தது குழுப் படம். நான் மேடையிலிருந்து இறங்கிப் போய், அவர் காதில் மட்டும் விழும்படி, "சுவரோடு ஒட்டி நில்லுங்கள், படம் எடுத்து முடியும்வரை அசையாதீர்கள்," என்றேன். நின்றார். அதோ சுவரில் மாட்டியிருக்கிறது, பாருங்கள். சிரித்துக்கொண்டுதானே நிற்கிறார்? அவருக்கு இடது பக்கம் நீங்கள். நீங்கள்தாம் சிரிக்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். படம் எடுக்கும்போது கேமராவைப் பார்க்கவேண்டும் என்று உங்களுக்குப் பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை.

நீங்கள்தாம் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனீர்கள். எனக்கு நன்றியுரை பாக்கி இருந்தது. வெள்ளைக் கால்சட்டையை நான் மூன்று முறை துவைத்தும் கறை போகவில்லை.

கீறிச் சீழ் எடுத்தார்கள். சர்க்கரை உடம்பு, புண் லேசில் ஆறவில்லை. குப்புறப் படுத்தபடியே கிடந்தார். முகத்தைத் தலையணையில் வைத்துப் பேசினால் சொல் தெளிவாக வரவில்லை. லகரம் ளகரம் எல்லாம் குழம்பியது. நான் திருத்திக்கொண்டே இருந்தேன். அந்த நாட்களில் நீங்கள் அடிக்கடி வந்தீர்கள். தாழ்ந்த குரலில் என்ன பேசினீர்களோ தெரியாது, நான் வந்தால் நிறுத்திவிடுவீர்கள். லில்லி தொலைபேசியில், "சைக்கிள எங்க வீட்டுக்கே அனுப்பிரு அக்கா, அத்தானுக்குத்தான் ஒத்துக்கிடலயே," என்றாள். அன்று மாலை அவர் தலைமாட்டில் நின்று சொன்னேன்: "கோழை என்று என் தங்கை முடிவு செய்துவிட்டாள். நான் இன்னும் முடிவு செய்யவில்லை." அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.  "ஓட்டுதேன் டீச்சர்," என்றார்.

ஓட்டினார்! புண் ஆறியதும் மறுபடி ஏறினார். என் பயிற்சி என்றைக்கும் வீண்போனதில்லை. இப்போது இறங்கும்போது கால்கள் சேர்ந்தன. போகப் போகத் தூரம் கூடிற்று. வல்லநாட்டு மலையைப் பார்த்துவிட்டு வந்தேன் என்பார். மான் நின்றது என்பார். வயிறு வற்றியது, சர்க்கரை இறங்கியது. மேசையில் நேராக அமர்ந்து சாப்பிட்டார். லில்லியின் வாய் அடைத்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்: வலியைப் பொறுத்துக்கொள்ள அவருக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்று. நீங்கள் என்னவோ சொல்ல வருகிறீர்கள். இருங்கள், நான் முடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை துணி ஊறவைக்க எடுத்தேன். அந்தக் கறுப்புக் கால்சட்டையைத் தொட்டதும் விரல் நின்றுவிட்டது. நான் போட்ட கஞ்சி அப்படியே இருக்கிறது. நான் எடுத்த மடிப்பு அப்படியே இருக்கிறது. வல்லநாடு வரை போய் வந்த கால்சட்டையில் வியர்வை இல்லை, சுருக்கம் இல்லை. எந்தத் துணியும் என் விரலிடம் பொய் சொல்லமுடியாது, தம்பி. கூப்பிட்டேன். வந்து நின்றார்.

"இதை அணிந்துகொண்டு எங்கே போனீர்கள்?"

 பள்ளியில் பெண்பிள்ளைகளிடம் செய்வதுபோல நான் பேசாமல் காத்திருந்தேன். பேசாமல் இருந்தால் தாமே சொல்லிவிடுவார்கள்.

"செல்வின் வீட்ல வேற ஒண்ணு வச்சிருக்கேன் டீச்சர். அங்க மாத்திக்கிடுவேன். வரும்போது இதப் போட்டுக்கிட்டு வந்துருவேன். சீட்டையும் அவந்தான் எறக்கி வச்சிக் கொடுப்பான், வரும்போது ஏத்திக்கிடுவேன்."

தெருத் திருப்பத்துக்கு அப்பால் உங்கள் வீடு. இப்போது தெரிகிறதா, உங்களை எனக்கு எந்த அளவுக்குத் தெரியும் என்று?

"ஏன்?" என்று கேட்டேன்.

"கஞ்சி, டீச்சர்." கையை விரித்துக் காட்டினார். "இத்தன நாளும் அட்டையிலயில்லா உக்காந்துக்கிட்டு இருந்தேன். அதான் அறுத்துப் புண்ணாக்கிருச்சி. ஆஸ்பத்திரியில இம்மானுவேல் சொன்னாரு, செல்வினும் சொன்னான்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேன் டீச்சர்."

"எப்போது?"

"கலியாணமான புதுசுல. பனியனுக்குக் கஞ்சி போடாதீய, ஒறுத்துதுன்னு சொன்னேன். நீங்க, பழகிரும்னு சொன்னிய."

எனக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை. அவர் சொல்லியிருந்தால் நினைவிருக்கும். நான் எதையும் மறப்பவள் அல்லள். கஞ்சியினால் ஒரு மனிதனுக்குப் புண் வரும் என்று எந்த மருத்துவ நூலிலாவது இருக்கிறதா? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்லவேண்டாம். உங்கள் முகத்திலேயே தெரிகிறது, நீங்களும் அவர் கட்சி. பனியன் உறுத்தியதாம். அந்தப் பனியனோடுதானே முப்பது வருடத்துக்கு மேல் அலுவலகம் போனார்? முதுகில் இரண்டு பக்கமும் கறுத்துத் தழும்பேறிக் கிடக்கிறது, பிறவி மச்சம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் ஞாயிறு. லில்லியும் இம்மானுவேலும் வந்தார்கள். சோறு பரிமாறியபின் அந்தக் கால்சட்டையைக் கொண்டுவந்து மேசை நடுவில், மீன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இந்த வீட்டு மூப்பர், அயலார் வீட்டில் போய் உடை மாற்றிக்கொள்கிறார். மனைவி துவைத்துக் கொடுத்ததைத் தெருமுனை வரைக்கும்தான் அணிகிறார். இதை என்னவென்று சொல்லலாம், லில்லி, நீ சொல்," என்றேன். லில்லி குனிந்து மீன் முள்ளைப் பிரித்தாள். இம்மானுவேல், "மதினி, விடுங்க," என்றார். நான் விடவில்லை. மனனம் செய்யாத பிள்ளையை ஒப்பிக்கச் சொல்வதுபோல அவரை எழுந்து நிற்கச் சொல்லி, இனிமேல் செய்யமாட்டேன் என்று சொல்லச் சொன்னேன். அவர் எழுந்தார். தட்டை எடுத்தார். உள்ளே போய்க் கழுவி, துடைத்து, அடுக்கில் கவிழ்த்தார். திரும்பி வந்து, கால்சட்டையை எடுத்து, மடிப்புக் கலையாமல் ஸ்டூல் மேல் வைத்தார். "செய்யமாட்டேன் டீச்சர்," என்றார். நான் வெற்றி பெற்றதாக நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல் புறப்பட்டார். வாசலில் நின்று பார்த்தேன். இருக்கை நான் வைத்த உயரத்தில் இருந்தது. முதுகு நேராக இருந்தது. திருப்பத்துக்கு முன்னால், என் கண்ணெதிரிலேயே, சைக்கிளை விட்டு இறங்கினார். சட்டைப் பையிலிருந்து ஏதோ ஒரு சின்னத் திருகுசாவியை எடுத்து இருக்கையை இறக்கினார். அவசரமே படவில்லை. மறுபடி ஏறி, குனிந்து, பெடலில் எழுந்து நின்று, பையன்களைப்போல மிதித்துக்கொண்டு போனார். தெருவே பார்த்தது. உள்ளே வந்து பார்த்தால் கறுப்புக் கால்சட்டை ஸ்டூல் மேலேயே இருந்தது.

மதியம் தொலைபேசி வந்தது.

"வந்து சேந்துட்டேன் டீச்சர்."

"எங்கே?"

"தூத்துக்குடிக்கி. பாக்கியம் வீட்டுக்கு."

"சைக்கிளிலேயா? எப்போது திரும்புகிறீர்கள்?"

 அவருக்குப் பின்னால் அவர் தங்கை பாக்கியம், "அண்ணே, இன்னொரு தோச?" என்று கேட்கிறாள்.

"உக்காந்துருக்கேன் டீச்சர்," என்றார். "நல்லா இருக்கு."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அதற்குப் பிறகு பேசவில்லை. இத்தனை வருட வாழ்க்கைக்கு ஒரு மனிதர் சொல்லும் பதில் இதுவா? போகத் துணிவு எங்கிருந்து வந்தது? நான் கொடுத்தது. அவ்வளவு தூரம் மிதிக்கும் உடம்பு யார் கொடுத்தது? நான் கொடுத்தது. பிரம்பு நாற்காலியிலேயே விட்டிருந்தால் இன்றைக்கும் இந்த வீட்டில்தானே இருந்திருப்பார்?

சரி. பையைக் கொடுங்கள். இதோ, எல்லாம் எடுத்துவைத்திருக்கிறேன். சட்டைகள், வேட்டிகள், துண்டுகள், பனியன்கள். ஏன் அப்படித் தயங்குகிறீர்கள்? என்ன சொன்னார்? தயங்காமல் சொல்லுங்கள். கஞ்சி போடாததாக வாங்கிவரச் சொன்னாரா?

கஞ்சி போடாத துணி இந்த வீட்டில் கிடையாது என்று அவருக்கே தெரியுமே. அவர் போனபின்பும் நான் ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை. யாரும் அணியவில்லை என்பதற்காகத் தளரவிடமுடியுமா? உடுத்தாத துணியைத் திரும்பத் திரும்பத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்து அடுக்குகிறேன். வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போய் அவர் தங்கை தண்ணீரில் போட்டு ஊறவைத்துக் கெடுத்துக்கொள்ளட்டும். ஒரு தண்ணீருக்கெல்லாம் என் கஞ்சி போகாது என்று சொல்லுங்கள்.

இல்லை, அதைத் தொடாதீர்கள். அந்த நாற்காலியில் இருப்பதைத் தரமுடியாது. அது அவர் நேரில் வந்து வாங்கிக்கொள்ளவேண்டியது. பார்க்கவேண்டுமா? பாருங்கள், துண்டை எடுக்கிறேன்.

எப்படி இருக்கிறது? அதே கறுப்புக் கால்சட்டைதான். இந்த வாரம் கஞ்சியை இரண்டு முறை முக்கி எடுத்தேன். பிடிமானம் ஒன்றும் வைக்கவில்லை, சுவரில் சாய்க்கவில்லை. ஆள் இல்லாமல் தானாகவே எப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது, பார்த்தீர்களா? இப்படித்தான் உட்காரவேண்டும் என்று அவருக்கு நான் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.